உம் கொட்டும் காலம்

(தளவாய்புரத்தில் காலாண்டு விடுமுறையில் நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பஸ்ஸை விட்டிறங்கி இங்கே நடந்து வரும்போதே ஊர் என்னோடு பேசிவிட்டது. ஒரு தெருவைத் தாண்டுவதற்குள் எத்தனை வீட்டிலிருந்து தையல் மெஷின் சத்தம்! புரட்டாசி பிறந்தால் தளவாய்புரத்துக்குத் தூக்கம் கிடையாது என்று எனக்குத் தெரியும். தீபாவளிக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய நைட்டி இங்கேதான் தைத்தாக வேண்டும். தைக்கிறவர் ஒரு பக்கம், ஓவர்லாக் அடிக்கிறவர் ஒரு பக்கம், பிசிறு வெட்டுகிற பாட்டி ஒரு பக்கம். நடுவில் துணிக்குவியல்மேல் ஒரு பிள்ளை. அதன் கையில் போன்.

அந்தப் பிள்ளையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பேச்சுப் பயிற்சி என் தொழில். பேசாத பிள்ளைகளோடு பேசிப் பிழைக்கிறவள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் மூன்று மாதம், அதாவது கார்த்திகை முடியும் வரைக்கும், வீட்டில் இருந்தபடியே பிள்ளையின் பேச்சை வளர்க்க என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு அம்மா தன் போனைக் காட்டினார். அதில் ஒரு வெளிநாட்டு வீடியோ. 'இலையுதிர் காலத்தில் குழந்தையோடு செய்ய வேண்டியவை' என்று வரிசையாக வருகிறது. சிவப்பும் மஞ்சளுமாய் உதிர்ந்த இலையைப் பொறுக்குங்கள், பூசணிக்காயில் முகம் செதுக்குங்கள், கம்பளிச் சட்டையின் நிறத்தைக் கேளுங்கள். அந்த அம்மா பாவம், வாசல் வேப்பமரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இலை ஒண்ணும் விழலையே மேடம்" என்கிறார். எப்படி விழும்? நம் வேம்பும் அரசும் மாசி பங்குனியில் அல்லவா இலை உதிர்க்கும். பூசணிக்காயை நாம் செதுக்குவதில்லை, ஆயுத பூசையன்று நடுரோட்டில் போட்டு உடைக்கிறோம். அதுவும் பிள்ளைக்குப் பிடித்த காட்சிதான், பைக்கில் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து.

நமக்கு இந்தக் காலத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்த பழந்தமிழ்க் கணக்கு இது. கூதிர் என்றால் குளிர்ந்த காற்று. புத்தகச் சொல் என்று நினைத்துவிடாதீர்கள். விடியற்காலையில் மேற்கு மலையிலிருந்து சிலுசிலுவென்று காற்று இறங்கும்போது, "கூதக்காத்து அடிக்குது, கதவைச் சாத்து" என்று உங்கள் ஆச்சி சொல்கிறாரே, அந்தக் கூதலும் இந்தக் கூதிரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். ஆச்சி சொல்லும் அந்தச் சொல் பேரனுக்குத் தெரியுமா என்று இன்றைக்கு ராத்திரி கேட்டுப் பாருங்கள்.

பேச்சை வளர்க்க ஏன் ஒரு பருவத்தைப் பிடிக்க வேண்டும்? பிள்ளை ஒரு சொல்லைத் தனதாக்கிக்கொள்ள இரண்டு காரியம் நடக்க வேண்டும். முதலில், கண்முன்னே ஏதாவது மாற வேண்டும், மாறினால்தான் பார்க்கும். அடுத்து, அதே மாற்றம் திரும்பத் திரும்ப வர வேண்டும். வந்தால்தான் சொல் ஒட்டும். சித்திரையில் இன்றைக்கும் வெயில், நாளைக்கும் வெயில், சொல்ல என்ன இருக்கிறது? ஐப்பசியில் வானம் நாளைக்கு நாலு வேஷம் போடுகிறது. காலையில் மூட்டம், மத்தியானம் வெக்கை, சாயங்காலம் இடி, ராத்திரி தவளை. மறுநாள் இதே நாடகம் மறுபடியும். பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடத்திட்டம் யாரும் போட முடியாது.

மழையை ஒரு சொல்லாக நினைத்துவிடக் கூடாது. இருட்டுது, மின்னுது, தூறுது, பேயுது, வலுக்குது, ஒழுகுது, சொட்டுது, தேங்குது, வடியுது, வெறிக்குது. பத்துச் சொல் ஆகிவிட்டது, எல்லாமே வினைச்சொல். இதை அழுத்திச் சொல்கிறேன். நம் வீடுகளில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் பெயர்ச்சொல். "இது என்ன? ஆப்பிள். இது என்ன? டாக். இது என்ன கலர்? ரெட்." சுவரில் மாட்டிய படத்தில் இருப்பது முழுக்கப் பெயர்கள். ஆனால் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையும் வாக்கியம் கட்ட முடியாது. அதுவும் தமிழில் வினைச்சொல்தான் வீட்டுக்கு நடுத்தூண். 'வந்தான்' என்ற ஒரு சொல்லில் வந்தது ஆண், ஒரு ஆள், நேற்றோ முன்னமோ என்று மூன்று சங்கதி ஒளிந்திருக்கிறது. வந்தான், வந்தாள், வந்துச்சு என்று வால் மாறுவதைப் பிள்ளை காதால் பிடித்துத்தான் இலக்கணம் கற்கிறது. யாரும் அதற்குச் சொல்லித் தருவதில்லை, அது கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கிறது. கேட்க வினைச்சொல் வேண்டும் அல்லவா?

கூதிர்காலத்தைப் பாடிய நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைப் பண்டிதர்கள் அரண்மனைக்காகவும் அரசிக்காகவும் படிப்பார்கள். நான் அதன் தொடக்கத்துக்காகப் படிக்கிறேன். குளிரில் விலங்குகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்கு ஒடுங்குகிறது, பறவை மரத்திலிருந்து விழுகிறது, பால் குடிக்க வந்த கன்றைப் பசு உதைத்துத் தள்ளுகிறது, மாடு மேய்ப்பவர்கள் தீமூட்டிக் குளிர் காய்கிறார்கள். இதைப் பாடிய நக்கீரர் ஒரு மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று காட்டியதுபோல இருக்கிறது எனக்கு. யார் என்ன செய்கிறார்கள், அவ்வளவுதான். நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும். ஓட்டு விளிம்பில் சொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு எவர்சில்வர் டம்ளரையும் ஒரு பிளாஸ்டிக் வாளியையும் வையுங்கள். ஒன்று டங்கு டங்கு, மற்றது தொப்பு தொப்பு. கடகட, சலசல, மொளுமொளு, பிசுபிசு என்று தமிழில் இரட்டைச் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. பேச்சுத் தாமதமான பிள்ளைகள்கூட இந்தச் சத்தச் சொற்களை முதலில் பிடித்துக்கொள்வதை என் வேலையில் பலமுறை பார்த்திருக்கிறேன். இதெல்லாம் பேச்சா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பேச்சுதான். ஒரு பொருளுக்காக ஒரு ஒலியை மனசறிந்து எழுப்பினால் அது பேச்சு.

இப்போது நான் செய்த தப்பு ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டரை வயதுப் பையன். பையிலிருந்து ஒவ்வொரு பொம்மையாக எடுத்து, "இது என்ன? இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவன் பாட்டி பொறுக்க மாட்டாமல், "ஏத்தா, பிள்ளையப் பிடிச்சு வெச்சுப் போலீசு மாதிரி எதுக்கு விசாரிக்கே?" என்றார். படித்து வாங்கிய பட்டம் அன்றைக்குக் கொஞ்சம் சுருங்கிப்போனது. பிறகு பாட்டி அவனைக் கூப்பிட்டு, "நேத்து ஆடு வந்துச்சுல்ல நம்ம வாசலுக்கு…" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். இடித்தார். மறுபடி இடித்தார். அவன் நெருங்கி வந்து, "மே… போ" என்றான். "உம்" என்றார் பாட்டி. "செடி… தின்னு" என்றான். "உம்ம்!" என்றார், கண்ணை அகலமாக்கிக்கொண்டு.

கதை கேட்கிறவர் உம் கொட்ட வேண்டும் என்பது நம் வழக்கம். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். ராத்திரிக் கதையில் பாட்டி சொல்வார், பிள்ளை உம் கொட்டும். அன்றைக்கு அந்தப் பாட்டி அதைத் தலைகீழாக்கிவிட்டார். பிள்ளை சொல்ல, பெரியவர் உம் கொட்டினார். நான் இன்றைக்கு உங்களிடம் கேட்க வந்ததும் அந்த ஒன்றைத்தான். இந்த மூன்று மாதம் பிள்ளைக்கு நீங்கள் உம் கொட்டுங்கள்.

ஆராய்ச்சிக்காரர்களும் இந்தப் பாட்டியின் பக்கம்தான். அமெரிக்காவில் சியாட்டிலில் பட்ரீசியா குல் என்ற அம்மையாரும் அவருடைய சகாக்களும் 2003-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சீன மொழியே கேட்டறியாத ஒன்பது மாதக் குழந்தைகள். ஒரு கூட்டத்துக்குச் சீன மொழிக்காரர் நேரில் வந்து, பன்னிரண்டு தடவை கதை வாசித்து விளையாடினார். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் திரையில். நேரில் கேட்ட குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறிந்தன. திரையில் பார்த்தவை எதையும் கற்கவில்லை. பிறகு 2018-இல் ரேச்சல் ரோமியோவும் மற்றவர்களும் நாலு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு வந்தது. பிள்ளை காதில் எத்தனை சொல் விழுந்தது என்பதைவிட, பிள்ளையும் பெரியவரும் எத்தனை முறை மாறி மாறிப் பேசினார்கள் என்பதுதான் மூளையின் மொழிப்பகுதி இயங்குவதோடு ஒட்டி நின்றது. வீட்டு வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னும் அப்படித்தான். பீஸ் ரேட்டுக்குத் தைக்கிற வீட்டுக்கு இது நல்ல சேதி. நாள் முழுக்கப் பேச வேண்டாம், எதையும் வாங்கிக் கொடுக்க வேண்டாம். பிள்ளை ஒன்று சொன்னால், மெஷினை நிறுத்தித் திரும்பிப் பார்த்து, அதன்மேல் ஒரு சொல்லைக் கூட்டி வைத்துத் திருப்பிக் கொடுங்கள். "தண்ணி" என்றால், "ஆமா, தண்ணி ஒழுகுது." "ஒழுகுது" என்றால், "சட்டியில ஒழுகுது." கொடுத்துவிட்டு மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை வாயை மூடிக்கொள்ளுங்கள். என்னிடம் வரும் பெற்றோருக்கு மிகக் கடினமான பயிற்சி இந்த ஐந்து எண்ணுவதுதான்.

மெஷின் சத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நமக்கு மொழி தெரியும். சத்தத்துக்குள்ளும் பாதி கேட்டால் மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். பிள்ளைக்கு அந்த மீதி இன்னும் கைவசம் இல்லை. பவர் மெஷின் ஓடும்போது நீங்கள் முதுகுப்புறமாகச் சொல்வது அதற்குக் கலங்கிய தண்ணீர் மாதிரி. வேலையை விடச் சொல்ல நான் யார்? பாபின் மாற்றுகிற நேரம் இருக்கிறது, கரண்ட் போகிற நேரம் இருக்கிறது, அடுத்த கட்டுத் துணி வருகிற வரைக்கும் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இரண்டு நிமிஷத்தில் கை தானாகப் போனைத் தேடும். அதற்கு முன்னால் பிள்ளை முகத்தைத் தேடட்டும்.

வருஷத்தில் ஒரு நாள் இந்த ஊரில் மெஷின் ஓடாது. ஆயுத பூசை. என்னைக் கேட்டால் தளவாய்புரத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் பேச்சுத் திருநாள். முந்தின நாளே துடைப்பும் கழுவலும் தொடங்கிவிடும். பிள்ளையைத் தூரப் போ என்று விரட்டாதீர்கள். ஊசியையும் கத்தரியையும் முதலில் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு ஒரு பழைய பனியன் துணியை அதன் கையில் கொடுங்கள். சக்கரத்தைத் துடை. பெல்ட்டைத் தொடு, வழுக்குதா? பெட்டிக்குள்ளே என்ன கிடக்குது? பிசிறு, பஞ்சு, உடைந்த பட்டன். எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா, இங்கேயா, அங்கேயா? மேலே, கீழே, உள்ளே, பக்கத்திலே என்று இடம் சொல்லும் சொற்கள் அத்தனையும் அந்த ஒரு மெஷினில் இருக்கின்றன. சந்தனத்தை முதலில் எங்கே வைக்கலாம் என்று கேளுங்கள். இது விசாரணைக் கேள்வி இல்லை. விடை உங்களுக்கும் தெரியாது, பிள்ளை சொன்னால்தான் உண்டு. அப்படிப்பட்ட கேள்விக்குத்தான் பிள்ளை வாய் திறக்கும். ஒரு அம்மா சொன்னார்: அவர் மகன் மெஷினின் காலுக்கும் பொட்டு வைத்துவிட்டு, "இதுவும் நடக்குதுல்ல" என்றானாம். துணியை அமுக்கிப் பிடிக்கும் அந்தச் சின்னக் காலைப் பத்து வருஷமாகப் பார்க்கிற அவருக்கு அது நடக்கிறது என்று தோன்றியதே இல்லை.

மறுநாள் விஜயதசமி. தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்போம். நல்ல சடங்கு, நானும் என் பிள்ளைக்குச் செய்தேன். ஆனால் அதோடு நோட்டை நீட்டிவிடுகிறோம். மூன்று வயதில் 'அ' எழுதுகிற பிள்ளையைவிட, அந்த அரிசியில் விரலால் கோடு இழுத்து, "இது பாம்பு, இது ரோடு, இதுல நம்ம பஸ் போகுது" என்று சொல்கிற பிள்ளை எனக்கு முன்னால் நிற்கிறது. இதில் ஆசிரியர்கள் சிலருக்கு என்மேல் வருத்தம் உண்டு.

கொலு வைக்கிற வீடுகள் இங்கே குறைவு, ஆனால் சுண்டல் எல்லா வீட்டிலும் உண்டு. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு என்று பெயர் சொல்லிப் பிரிக்க, ஊறவைத்தால் பருத்திருப்பதை மறுநாள் காலையில் போய்ப் பார்க்க, யார் வீட்டுக்கு எத்தனை கிண்ணம் என்று எண்ண எல்லாம் நன்றாக இருக்கும். மூன்று வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் மட்டும் முழுப் பயறைத் தனியாக விட்டுவிடாதீர்கள். மூக்கில் போகும், காதில் போகும், மூச்சுக்குழாயிலும் போகும். வேர்க்கடலையும் அப்படியே.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் எங்களுக்கு என்ன என்று பார்க்கிறீர்கள். மழை நாளில் வெளியே தூக்கிப் போக முடியாது, மடிதான் மைதானம். உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பங்கு வைத்து, பிறகு நண்டு கைவழியாக ஊர்ந்து அக்குள் வரை ஏறும் விளையாட்டைத் தெரியாத வீடு உண்டா? அதைச் செய்யுங்கள், ஒரே ஒரு திருத்தத்தோடு. நண்டு முழங்கை வரை வந்ததும் நிறுத்திவிடுங்கள். குழந்தை உங்கள் முகத்தைப் பார்க்கும். உடம்பை நெளிக்கும், ஒரு சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் வந்த பிறகு கிச்சுகிச்சு. தான் ஒலி எழுப்பினால் உலகம் அசைகிறது என்பதைக் குழந்தை அந்த நொடியில் கற்றுக்கொள்கிறது. அம்மா என்ற சொல்லுக்கு முன்னாலேயே இது வந்தாக வேண்டும். பத்து விரல்தான் செலவு.

தீபாவளி வெடியைச் சொல்லாவிட்டால் விருதுநகர் மாவட்டத்தில் யாரும் என்னை விடமாட்டீர்கள். சிவகாசிக்காரர்கள் நமக்கு வினைச்சொல்லை டப்பாவில் அடைத்து விற்கிறார்கள். சங்குசக்கரம் சுழலுது, புஸ்வாணம் சீறுது, மத்தாப்பு பொரியுது, ராக்கெட் பாயுது, பாம்பு மாத்திரை நெளியுது. இவற்றைக் காட்டுங்கள், சொல்லுங்கள். சத்த வெடி வேறு விஷயம். வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999 முதல் அரசு விதி இருக்கிறது. அந்த எல்லைக்குள் இருப்பதும் குழந்தையின் காதுக்கு அதிகம்தான். பாதுகாக்க வேண்டியது வாயை அல்ல, காதை. அதைப் பிறகு சொல்கிறேன்.

புரட்டாசி என்றால் சனிக்கிழமை, சனிக்கிழமை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருவண்ணாமலை சீனிவாசப் பெருமாள். பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு படி ஏறியிருப்பீர்கள். அப்படியே ஆண்டாள் கோயிலுக்கும் போயிருப்பீர்கள். அவள் இடக்கையில் இருக்கும் கிளியைப் பிள்ளைக்குக் காட்டினீர்களா? மாதுளம்பூவில் அலகு, மரவள்ளி இலையில் உடம்பு, நந்தியாவட்டை இலையில் இறகு. தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. இதே புரட்டாசியில் திருப்பதி பிரம்மோற்சவத்துக்கு, கருட சேவைக்கு, ஆண்டாள் சூடிய மாலையும் கிளியும் இங்கிருந்து போகின்றன. சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளையைக் கிளிப்பிள்ளை என்கிறோம். "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்று விருந்தாளி முன்னால் நிறுத்துகிறோமே, அது கிளிப்பிள்ளை வேலை. மனப்பாடம் தப்பில்லை, ஆனால் அதைப் பேச்சு என்று எண்ணி ஏமாறக் கூடாது. முப்பது பாட்டு ஒப்பிக்கிற பிள்ளை, தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் அழுதுகொண்டு என்னிடம் வந்திருக்கிறது. ஆண்டாள் கையிலிருக்கும் கிளியோ ஒப்பிக்கிற கிளி இல்லை, தூது போகிற கிளி. ஒரு இடத்துச் சேதியை இன்னொரு இடத்தில் போய்ச் சொல்ல வேண்டும். பிள்ளையையும் அப்படி அனுப்புங்கள். கோயிலுக்குப் போய்வந்த அன்றைக்கு, வீட்டில் தங்கிவிட்ட ஆச்சியிடம் நீங்கள் வாய் திறக்காதீர்கள். பிள்ளை போய்ச் சொல்லட்டும். "குரங்கு… தேங்கா… புடுங்கிட்டு." ஆச்சி உம் கொட்டுவார். "அப்புறம்?" என்பார். இந்த 'அப்புறம்' என்ற சொல்லுக்கு நான் ஒரு கோயில் கட்டுவேன். முன்னது பின்னது வரிசையாக, ஏன் எதனால் என்ற காரணத்தோடு, அங்கே இல்லாத ஆளுக்குப் புரியும்படி நடந்ததைச் சொல்லும் திறமை அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வளர்கிறது. பிற்பாடு பள்ளிக்கூடத்தில் வாசித்துப் புரிந்துகொள்வதற்கும் அதுதான் அஸ்திவாரம்.

ராஜபாளையத்திலிருந்து வந்தவர்கள் சிலர் தெலுங்கு பேசும் வீட்டுக்காரர்களாக இருப்பீர்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ்; இதனால்தான் பிள்ளை பேசவில்லையோ என்று கேட்கிறீர்கள். இல்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வருவதில்லை. தெலுங்கில் பாதி, தமிழில் பாதி கலந்து பேசினால் இரண்டு மொழிச் சொற்களின் கணக்கையும் சேர்த்துப் போடுங்கள், சரியாக இருக்கும். ஆண்டாள் என்னும் நம் கோதையின் கதையைக் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில்தான் ஆமுக்தமால்யதாவாக எழுதினார். வில்லிபுத்தூருக்கு இரண்டு மொழியும் புதிதல்ல. எந்த மொழியில் உங்களுக்குக் கோபமும் கொஞ்சலும் தானாக வருமோ அதில் பேசுங்கள். பிள்ளைக்காக அரைகுறை இங்கிலீஷுக்கு மாறுகிற வீடுகளில்தான் எனக்குக் கவலை. "பேபி, கம், ஈட்" என்பதற்குமேல் அங்கே பேச்சு நகர்வதில்லை. மாறி மாறிப் பேச அம்மாவுக்கே சரக்கு இல்லாமல் போகிறது.

ஐப்பசி ராத்திரி கரண்ட் போகும். சாபம் போடாதீர்கள். அன்றைக்குத்தான் அழிப்பாங்கதை போட முடியும். விடுகதை என்று புத்தகத்தில் இருப்பதற்கு நம் பக்கத்துப் பெயர் அது. கி.ராஜநாராயணன் இடைசெவலில் உட்கார்ந்துகொண்டு கரிசல் காட்டின் கதைகளையும் சொற்களையும் தேடித்தேடிச் சேர்த்து, வட்டார வழக்குக்கு ஓர் அகராதியே போட்டார். அந்தச் சொத்தில் கொஞ்சம் நம் வீட்டு இருட்டிலும் கிடக்கிறது. நாலு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இதைப்போல நல்ல பயிற்சி கிடையாது. பொருளின் பெயரைச் சொல்லாமல் அதன் குணத்தை மட்டும் சொல்ல வேண்டும், கேட்கிறவர் குணத்தை வைத்துப் பெயரைப் பிடிக்க வேண்டும். பழைய அழிப்பாங்கதை தெரியாவிட்டால் கட்டிக்கொள்ளுங்கள். மழை விட்ட ராத்திரி விளக்கைச் சுற்றி ஈசல் மொய்த்தது, காலையில் தரையெல்லாம் இறகு. நான் கட்டியதைச் சொல்கிறேன்: 'ஒரு ராத்திரிக் கல்யாணத்துக்கு ரெக்கை கட்டி வந்தாக, விடியுமுன்னே ரெக்கையைக் கழட்டிப் போட்டுட்டுப் போனாக.' என் மகள் விடை சொல்லவில்லை. "கல்யாணத்துக்கு யாரும் ரெக்கை கட்ட மாட்டாக, மாலைதான் கட்டுவாக" என்று சண்டைக்கு வந்தாள். விடையைவிட அந்தச் சண்டை உசத்தி.

பகலில் என்றால் மழை விட்ட செம்மண்ணில் சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துப் போட்டதுபோல ஊரும் பட்டுப்பூச்சி இருக்கிறது, தாழப் பறக்கும் தட்டான் இருக்கிறது, பழைய கல்யாணப் பத்திரிகையில் செய்த கப்பல் இருக்கிறது. கார்த்திகைக்கு அகல் வரிசை, ஓலைக் கொழுக்கட்டை, மாவளி சுற்றுகிற அண்ணன்மார். நான் சொல்லித்தான் நீங்கள் செய்ய வேண்டும் என்பதில்லை. ஒவ்வொன்றிலும் பிள்ளைக்கு ஒரு முறை, உங்களுக்கு ஒரு முறை என்று இருந்தால் போதும்.

போனைப் பற்றித் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது ஆகாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அரபு நாட்டில் இருக்கும் அப்பாவோடு வீடியோவில் பேசுவதை இதில் நான் சேர்க்க மாட்டேன். அங்கே உம் கொட்ட ஒரு ஆள் இருக்கிறார்.

கடைசியாகக் காது. மழைக்காலத்தில் சளி பிடித்தால் நடுக்காதில் நீர் கட்டும், சிலருக்குச் சீழ் வடியும். அந்த வாரங்களில் பிள்ளைக்கு மந்தமாகத்தான் கேட்கும். திரும்பத் திரும்ப வந்தால் பேச்சும் பின்தங்கும். காதில் சுடவைத்த எண்ணெய் விடாதீர்கள், கோழி இறகு விட்டுக் குடையாதீர்கள், டாக்டரிடம் போங்கள். நாக்கில் வசம்பு தடவினால் பேச்சு வரும் என்பார்கள். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்று பெயர் இருக்கலாம், பேச்சு அதனால் வராது. ஒரு வயசுக்குள் தேன் நாக்கில் வைப்பது ஆபத்து, நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கும் கிருமி அதில் இருக்கக்கூடும். பலூன் ஊதச் சொல்வதும் விசில் அடிக்கச் சொல்வதும் விளையாட்டுக்குச் சரி. ஊதுவதால் உச்சரிப்பு திருந்தும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. 'ற', 'ழ' வராதது பற்றி நாலு வயசில் பயப்பட வேண்டாம், அவை கடைசியில் வந்து சேர்கிற ஒலிகள். 'ழ'வைப் பற்றி நம் பக்கத்துப் பெரியவர்களும் பெரிதாகப் பேசிக்கொள்ள முடியாது.

பயப்பட வேண்டியது வேறு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு வயசில் திரும்பிப் பார்க்காத குழந்தை. எதையும் விரல் நீட்டிக் காட்டாத குழந்தை. ஒன்றரை வயசாகியும் ஒரு சொல் இல்லாதது. இரண்டு வயசில் "அப்பா போ", "பால் தா" என்று இரண்டு சொல்லைச் சேர்க்காதது. மூன்று வயசில் வீட்டுக்கு வெளியே யாருக்கும் புரியாத பேச்சு. எந்த வயசிலும், வந்த பேச்சு நின்றுபோவது. இதில் ஒன்று இருந்தாலும், "அவுக அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாரு" என்ற சமாதானத்தை ஒதுக்கிவிட்டு முதலில் காதைச் சோதியுங்கள். அங்கன்வாடிக்கு வருஷத்தில் இரண்டு தடவையும் பள்ளிக்கு ஒரு தடவையும் பரிசோதிக்க வரும் மருத்துவக் குழு 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தைச் சேர்ந்தது. அவர்களிடம் காட்டினால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள், கட்டணம் இல்லை. செவித்திறன் மிகக் குறைவாக இருந்தால் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் இடம் உண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு. தீபாவளி ஆர்டர் முடியட்டும் என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நான் வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்காருகிறேன். பிள்ளையோடு வந்தவர்கள் முதலில் வாருங்கள், மெஷினுக்குத் திரும்ப வேண்டியவர்கள் அடுத்து. பிள்ளையைப் பற்றி நீங்கள் என்னிடம் சொல்லும்போது அதுவும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். நடுவில் அது ஏதாவது சொல்ல வந்தால், நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.